அரிப்பு போனதா, ஆள் போனாரா?

அப்பாவின் முதுகில் அம்மா தினமும் காலையில் ஒரு பேட்ச் ஒட்டுகிறார். ரிவாஸ்டிக்மைன், முதுமை மறதிக்குக் கொடுப்பது. அம்மாவுக்கு அது பிளாஸ்திரி. ஒட்டத் தொடங்கிய இரண்டாம் வாரம் அந்த இடம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. அப்பா வாய் திறந்து சொல்ல மாட்டார். நாற்காலியில் முதுகை உரசிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். மருத்துவமனையில் கேட்டதற்கு, இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள், ஒட்டிய இடத்தில் 14 நாளைக்குள் திரும்ப ஒட்டாதீர்கள் என்றார்கள். அம்மா அதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். ஆனால் அவர் கேள்வி வேறு.

"இது எப்ப வரும், வந்தா எத்தன நாளு இருக்கும், தானா போயிடுமாடா?"

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்தேன். இந்தத் தாள்களில் 'பொதுவானது' என்று போட்டிருந்தால் 100 பேரில் 1 முதல் 10 பேருக்கு வரும் என்று பொருள். 'மிகப் பொதுவானது' என்றால் 10 பேரில் ஒருவருக்கு மேல். எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு அதில் இடமே இல்லை. அம்மா கேட்டதில் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

நான் மருத்துவனும் இல்லை, புள்ளியியல் படித்தவனும் இல்லை. துறைமுக வேலை. கன்டெய்னர் எந்த வரிசையில் போய் உட்கார வேண்டும், எத்தனை நாள் கிடக்கும் என்று திட்டம் போடுவது. சிங்கப்பூர் அரசு படிப்புக்குக் கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற கணினி மொழி வகுப்பு ஒன்று முடித்து, சான்றிதழை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அதைத் தூசி தட்ட இது ஒரு சாக்கு. நான்கு சனிக்கிழமை ஆனது. அதில் ஒன்றரைச் சனிக்கிழமை என் சொந்தத் தப்பைத் தேடியதில் போனது.

அப்பாவின் மருந்துக்கு ஆள்வாரியான தரவு எனக்குக் கிடைக்காது. கிடைத்தது அதன் தூரத்து உறவு. மருந்துச் சோதனைத் தரவை எந்த வடிவில் அடுக்க வேண்டும் என்று விதி வகுக்கும் சீடிஸ்க் அமைப்பு, பழகிப் பார்ப்பதற்காக ஒரு சோதனையின் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. எலை லில்லி நிறுவனத்தின் பழைய சோதனை, ஆள் அடையாளம் நீக்கப்பட்டது. ஸனோமெலின் என்ற மருந்து, அல்சைமர் நோயாளிகளுக்கு, பேட்ச் வடிவில். மொத்தம் 254 பேர்: மருந்தில்லாத போலி பேட்ச் 86, குறைந்த அளவு 84, கூடிய அளவு 84. இந்த மருந்தை முதலில் வாய்வழியாகக் கொடுத்தபோது குமட்டலும் வாந்தியும் வியர்வையும் படுத்தின. வயிற்றைத் தப்ப வைக்கத் தோல் வழியே போனார்கள், தோல் கோபித்துக்கொண்டது. (பல வருடம் கிடப்பில் கிடந்த அதே மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த முறை மனச்சிதைவு நோய்க்கு. குடலையும் மற்ற உறுப்புகளையும் காக்க டிராஸ்பியம் என்ற இன்னொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்து.)

வேறு மருந்து, ஆனால் நோய் ஒன்று, பேட்ச், அரிப்பு. கேள்வியைப் பழகிப் பார்க்க இது போதும். பதிலை அப்படியே அப்பாவுக்குத் தூக்கிப் போட முடியாது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. அதன் பலன் பின்னால் வருகிறது.

முதல் வேலை எண்ணிக்கை. 'ஒட்டிய இடத்தில் அரிப்பு' என்ற பெயரில் போலிக் குழுவில் 6 பேர், குறைந்த அளவில் 22, கூடிய அளவில் 22. அதாவது 7 சதவீதம், 26 சதவீதம், 26 சதவீதம். நிறுவன அறிக்கைகளில் வரும் அட்டவணையும் இதே ரகம்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, எனக்கே சந்தேகம் வந்தது.

சந்தேகம் சரிதான். பக்கவிளைவுகளுக்குப் பெயர் வைக்கும் மெட்ரா அகராதி மிக நுணுக்கமானது. ஒட்டிய இடத்தில் அரிப்பு ஒரு சொல், ஒட்டிய இடத்தில் சிவப்பு இன்னொன்று, எரிச்சல் மற்றொன்று, இடம் சொல்லாத வெறும் அரிப்பு தனி. ஒரே முதுகு, நாலு பெயர். இதற்காகவே அந்தத் தரவில் தோல் சம்பந்தப்பட்டவை எல்லாவற்றையும் ஒரு கொடிக்கீழ் சேர்த்து, முதல் தோல் நிகழ்வு வரை எத்தனை நாள் என்று தனிக் கோப்பு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் படம் மாறுகிறது. போலிக் குழுவில் 29 பேர், குறைந்த அளவில் 62, கூடிய அளவில் 61. நூற்றுக்கு 26 என்று பார்த்தது 70-ஐத் தாண்டி நிற்கிறது.

அதே கோப்பில் கப்ளான்-மையர் வளைவு போட்டேன். இடையில் விலகியவர்களை விலகிய நாள் வரை மட்டும் கணக்கில் வைத்து, நாளாக ஆக எத்தனை பங்குப் பேர் நிகழ்வு வராமல் தப்புகிறார்கள் என்று காட்டும், 1958-இல் வந்த முறை. கப்ளானும் மையரும் தனித்தனியாக எழுதி அனுப்ப, இரண்டும் ஒன்று போல இருக்கிறது, சேர்ந்து எழுதுங்கள் என்று இதழ்க்காரர்கள் சொன்னார்களாம். குறைந்த அளவுக் குழுவில் பாதிப் பேருக்கு 33 நாளுக்குள் வந்துவிடுகிறது, கூடிய அளவில் 36 நாள். போலிக் குழுவில் வளைவு பாதிக்கு இறங்கவே இல்லை. அம்மாவின் முதல் கேள்விக்கு ஒரு முகம் கிடைத்தது: வருவதானால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதத்தில்.

அளவு கூடியும் அரிப்பு ஏன் கூடவில்லை என்று கொஞ்ச நேரம் மண்டையைக் குடைந்தேன். விடையில் ஒரு பங்காவது மருந்து கொடுத்த கோப்பில் இருந்தது. கூடிய அளவுக் குழுவுக்கும் முதல் இரண்டு வாரம் 54 மில்லிகிராம்தான், அதற்குப் பிறகுதான் 81. முதல் 14 நாளில் இரண்டு குழுவும் ஒரே பேட்சைத்தான் ஒட்டியிருக்கிறது. குழுவின் பெயரைப் பார்த்தே வளைவை வாசித்தால் இது தெரியாது. அப்பாவின் பேட்சும் இப்படித்தான்: 24 மணி நேரத்துக்கு 4.6 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரமாவது போன பிறகுதான் 9.5.

இரண்டாம் சனிக்கிழமை யார் கடைசி வரை இருந்தார்கள் என்று பார்த்தேன். சோதனை ஏறக்குறைய ஆறு மாதம். முடித்தவர்கள் போலிக் குழுவில் 86-க்கு 58. குறைந்த அளவில் 84-க்கு 25. கூடிய அளவில் 84-க்கு 27. பக்கவிளைவு காரணமாக விலகினோம் என்று பதிவானவர்கள் முறையே 8, 44, 40. கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மருந்துக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆளே இல்லை. முப்பது நாள் ஒட்டியவரையும் நூற்றெண்பது நாள் ஒட்டியவரையும் ஒரே வகுஎண்ணில் போட்டுச் சதவீதம் எடுப்பதை இதுவரை எப்படிச் சரியென்று நினைத்தேன்?

இதற்கு வழக்கமான மருந்து, ஆள்-வருடத்தால், அதாவது எல்லோரும் ஒட்டிய காலத்தைக் கூட்டி அதால் வகுப்பது. அதிலும் ஒரு ஓட்டை. 10 பேர் ஒரு வருடம் ஒட்டினாலும் 10 ஆள்-வருடம், 120 பேர் ஒரே ஒரு மாதம் ஒட்டினாலும் 10 ஆள்-வருடம். முதல் மாதத்திலேயே கொட்டித் தீர்க்கும் ஒரு பக்கவிளைவுக்கு இந்த இரண்டும் ஒன்றா? தொடக்கம் முதல் இறுதி வரை ஆபத்து ஒரே சீராக இருந்தால் மட்டுமே ஒன்று. தோல் அப்படி நடப்பதில்லை.

விலகியவர்களை என்ன செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். யீஷூன் உணவங்காடியில் ரசீதின் பின்பக்கத்தில் பத்துப் பேரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் பேட்ச் ஒட்டுகிறார்கள். 7-ஆம் நாள் ஒருவருக்கு அரிப்பு. 14-ஆம் நாள் மூன்று பேர் வாந்தி தாங்காமல் நிறுத்திவிடுகிறார்கள். 21-ஆம் நாள், மிச்சமிருக்கும் ஆறு பேரில் ஒருவருக்கு அரிப்பு. 28-ஆம் நாள் இன்னும் இருவர் விலகல். 35-ஆம் நாள், மிச்சம் மூவரில் ஒருவருக்கு அரிப்பு.

கப்ளான்-மையர் படி, அரிப்பில்லாமல் தப்புவது பத்தில் ஒன்பது, அதை ஆறில் ஐந்தால் பெருக்கு, பிறகு மூன்றில் இரண்டால் பெருக்கு. விடை சரியாகப் பாதி. ஆக அரிப்பு 50 சதவீதம். ஆனால் என் ரசீதில் அரிப்பு வந்தவர்கள் மூன்றே பேர்! விலகலை அரிப்போடு போட்டி போடும் இன்னொரு முடிவாக எடுத்துக்கொண்டால், அதாவது 1978-இல் ஆலனும் யோஹான்சனும் எழுதிய முறையில் போனால், 30 சதவீதம். இரண்டும் பிழையில்லை, கேள்வி வேறு. யாருமே விலகாத ஓர் உலகத்தில் எத்தனை பேருக்கு அரிக்கும் என்பதற்கு 50. ஒட்டத் தொடங்குபவர்களில் நிறுத்துவதற்கு முன்னால் எத்தனை பேருக்கு அரிக்கும் என்பதற்கு 30. முதலாவதை நம்ப, வாந்தியில் விலகியவர்களும் தங்கியவர்களும் அரிப்பு விஷயத்தில் ஒரே மாதிரி ஆட்கள் என்று ஏற்க வேண்டும். எனக்கு அது உறுத்துகிறது. உடம்பு தாங்காதவர்தான் முதலில் எழுந்து போவார்.

ஆர் மொழியில் இதைச் செய்வது சுலபம் என்று படித்தேன். நிகழ்வுப் பத்தியை 0, 1 என்று கொடுக்காமல் மூன்று நிலை கொண்ட காரணிப் பத்தியாகக் கொடுத்தால் வளைவு போடும் சர்வ்ஃபிட் கட்டளை தானே ஆலன்-யோஹான்சனுக்கு மாறிக்கொள்ளும். ஒரே நிபந்தனை, முதல் நிலை 'இன்னும் ஒன்றும் நடக்கவில்லை' என்பதாக இருக்க வேண்டும். தமிழில் பெயர் வைத்தால் எனக்கே பிறகு புரியும் என்று 'அரிப்பு', 'தொடர்கிறார்', 'விலகல்' என்று வைத்தேன். வளைவு வந்தது பாருங்கள், ஆறு மாதம் வரை ஒருவருக்கும் அரிப்பே இல்லை, அதற்குப் பதிலாகத் 'தொடர்கிறார்' என்ற நோய் கடைசி வாரத்தில் கொத்தாகப் பரவியது. இரண்டு மணி நேரம் தரவைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் ஆர் நிலைகளை அகரவரிசையில் அடுக்குகிறது. அகரத்தில் தொடங்கும் அரிப்பு முதல் இடத்தைப் பிடித்து 'ஒன்றும் நடக்கவில்லை' ஆகிவிட்டது. தமிழ் நெடுங்கணக்கு என்னை ஏமாற்றிய ஒரே தருணம். நிலைகளின் வரிசையை நானே எழுதிக் கொடுத்ததும் சரியானது.

தேதிகளில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோதனை நாள் கணக்கில் பூஜ்யம் கிடையாது. முதல் பேட்ச் ஒட்டிய நாள் 1, அதற்கு முந்தைய நாள் கழித்தல் 1. வெறும் கழித்தலில் போனால் ஒரே நாளில் வந்து போன அரிப்பு பூஜ்ய நாள் நீடித்ததாக வரும், ஒன்றைக் கூட்ட வேண்டும். சில வரிகளில் மாதம் வரைதான் இருக்கும், நாள் இருக்காது. அந்த மாதம் மருந்து தொடங்கிய மாதமாக இருந்தால் தொடங்கிய தேதியையும், இல்லாவிட்டால் 1-ஆம் தேதியையும் வைக்கும் விதியைப் பின்பற்றினேன். ஒரே ஆளுக்கு ஒரே அரிப்பு மூன்று வரியில், தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அவற்றை ஒன்றாக இணைத்தேன். இணைக்காவிட்டால் ஒருவர் ஒரே நாளில் மூன்று முதுகோடு இருப்பார்.

மூன்றாம் சனிக்கிழமைதான் மானம் போனது. எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி. முடிவுத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்து, ஒன்றைக் கூட்டி, நடுமதிப்பு எடுத்தேன். வெற்றிடங்களை விட்டுவிடு என்று ஒரு கட்டளை சேர்த்தேன், எப்போதும் போல. அழகான சின்ன எண் வந்தது. அந்தச் சூட்டோடு அம்மாவுக்குப் போன் போட்டு, "கொஞ்ச நாள்ல போயிடுமாம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, நல்லதுப்பா" என்றார். குரலே லேசானது.

திங்கட்கிழமை வேலையில் புதிதாக வந்த பையன் ஒரு தாள் நீட்டினான். முற்றத்தில் கன்டெய்னர் சராசரியாக எத்தனை நாள் கிடக்கிறது என்ற கணக்கு. எண் சின்னதாக இருந்தது. "தம்பி, வெளிய போன பெட்டியை மட்டும்தானே எண்ணியிருக்க? இன்னும் உள்ளேயே கிடக்கிற பெட்டியெல்லாம் எங்கே?" என்றேன். "அதுக்கு வெளியேறுன தேதி இல்லண்ணே, அதனால விட்டுட்டேன்." அவனைத் திட்ட வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டேன். முடிவுத் தேதி இல்லாத அரிப்பு என்பது பிழைத் தரவா என்ன? கடைசியாகப் பார்த்தபோதும் அரித்துக்கொண்டே இருந்த அரிப்பு. அதில் எத்தனை வரி இருக்கிறது என்றுகூட எண்ணிப் பார்க்காமல், நீளமானவற்றையெல்லாம் பொறுக்கித் தூக்கி எறிந்துவிட்டு, குட்டையானவற்றுக்கு நடுமதிப்பு எடுத்திருக்கிறேன். பத்து வருடமாகப் பெட்டிக்குச் செய்யாத தப்பை அப்பாவின் முதுகுக்குச் செய்தேன்.

அன்று இரவே திருத்தினேன். முடிவில்லாத அரிப்பைக் கடைசியாகத் தெரிந்த நாள் வரை எண்ணி, அதற்கு மேல் தெரியாது என்று குறித்துக் கப்ளான்-மையரில் போட்டேன். எண் கூடியது, கூடத்தான் வேண்டும். ஆனால் இங்கே இன்னொரு முடிச்சு. அரிப்புக்கு முடிவு மூன்று விதம். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறுவது ஒன்று. பேட்சை எடுத்துவிட்டதால் ஆறுவது இரண்டு. தரவு முடியும்வரை ஆறாதது மூன்று. அம்மா கேட்டது முதலாவதை மட்டும். இரண்டாவதையும் 'ஆறியது' கணக்கில் சேர்த்தால், கல்லை எடுத்த பிறகு கால் வலி போனதைப் பார்த்து, செருப்புக்குள் கல் தானாகவே கரையும் என்று சொல்வது போல.

இதே பள்ளம் இன்னொரு வேடத்தில் வந்தது. ஒவ்வொரு வாரமும், அன்றைக்குப் பேட்ச் ஒட்டிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அரிக்கிறது என்று ஒரு வளைவு போடலாம் என்று தோன்றியது. அடிபட்டவன் என்பதால் முதலில் பொய்த் தரவு ஒன்று செய்து பார்த்தேன். 100 பேர். நான்காம் வாரம் 40 பேருக்கு அரிப்பு. யாருக்கும் ஒருபோதும் ஆறாது என்று நானே விதி வைத்தேன். அரிப்புள்ளவர்களில் வாரத்துக்கு 15 சதவீதம் பேரும், இல்லாதவர்களில் 2 சதவீதம் பேரும் நிறுத்துகிறார்கள். புதிதாக யாருக்கும் வருவதில்லை. பன்னிரண்டாம் வாரம் அரிப்பவர் 11 பேர், அரிக்காதவர் 51. 40 சதவீதம் 18 ஆகிவிட்டது. இருபத்து நான்காம் வாரம் 4-க்கும் கீழே. எவ்வளவு இதமான வளைவு! மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்குக்கூட ஆறவில்லை, அரித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பொய்த் தரவைப் பார்த்த பிறகு, அன்றைக்கு இருப்பவர்களால் மட்டும் வகுக்கும் வளைவை நான் தனியாகப் போடுவதே இல்லை. கடைசியில் வைத்துக்கொண்டது மூன்று நிறப் படம். தொடங்கிய 84 பேரும் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை படத்தை விட்டுப் போகவே மாட்டார்கள். அரிப்பின்றி ஒட்டுபவர் பச்சை, அரிப்போடு ஒட்டுபவர் சிவப்பு, நிறுத்தியவர் சாம்பல். ஒவ்வொரு நாளும் மூன்றும் கூடினால் 84. பச்சையிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து திரும்பப் பச்சைக்கும் போகலாம், சாம்பலுக்குப் போனால் திரும்ப முடியாது. சிவப்பு சுருங்குகிறதா என்று பார்க்கும் கண்ணே, அது பச்சையிடம் இழக்கிறதா சாம்பலிடம் இழக்கிறதா என்றும் பார்த்துவிடும். மருந்துக் குழுக்களின் படத்தில் வலது ஓரம் பத்தில் ஏழு பங்கு சாம்பல். எந்தச் சதவீத அட்டவணையும் எனக்கு அதை இப்படிக் காட்டவில்லை.

மாடல் என்று பெரிதாக எதுவும் இல்லை. குழுக்களின் ஆபத்தை ஒப்பிடும் காக்ஸ் மாதிரியும் ஓட்டிப் பார்த்தேன், குழுவுக்கு ஓர் எண் கொடுத்தது. ஆறு மாதத்துக்கும் ஒரே விகிதம் என்று அது நம்புவதை நான் நம்பவில்லை, மூடிவிட்டேன். கடுமையையும் விட்டுவிட்டேன். புற்றுநோய்ச் சோதனைகளில் கடுமையை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, ஒருவருக்கு வந்த மிக மோசமான தரத்தை மட்டும் அட்டவணையில் போடுவது பழக்கம். ஒரு நாள் மட்டும் வந்த 3-ஆம் தரம் அதில் தெரியும், ஐந்து மாதம் தூங்கவிடாமல் நச்சரித்த 2-ஆம் தரம் தெரியாது. அதை ஒரு தனிச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். சொன்ன கணக்கு தப்பு, அதுவும் வேற மருந்தோட கணக்கு, அப்பாவோடது எப்ப போகும்னு எனக்குத் தெரியலம்மா என்று. கோபப்படவில்லை. அடுக்களைக்குள் போய், தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த மாத நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ராகு காலத்துக்கும் நல்ல நேரத்துக்கும் நடுவே, பென்சிலில் குட்டிக் குட்டியாக 'அ'. அரித்த நாள்களில் மட்டும். ஒன்பது வாரம். எனக்குச் சிரிப்பு வந்தது, நான்கு சனிக்கிழமை நான் அலைந்த தரவு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இந்தக் காலிக் கட்டமெல்லாம் அரிக்காத நாளாம்மா, எழுத மறந்த நாளா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாட்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டும் இருக்கும்" என்றார்.

இப்போது அரித்தால் 'அ', அரிக்காவிட்டால் ஒரு சின்னக் கோடு. ஒட்டும் இடத்தையும் எழுதுகிறார், 'வ.மே' என்றால் வலது மேல்பக்கம். போன வாரம் போனபோது பார்த்தேன், ஒரே ஒரு கட்டம் காலி. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அன்னைக்கு உங்கப்பா பாட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் போய்க் கேக்கல."